காவல் கூலியும் துப்புக்கூலியும்

மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வழக்கிலிருந்த காவல் முறை, களவைத் தடுக்கும் பணியை ஊராரும் காவல்காரரும் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் நிறைவேற்றியது. சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்காவலுக்கான வரி பாடிகாவல் என்னும் பெயரில் வருவதால் இதன் வேர் பழமையானது எனலாம். எனினும் இங்கு ஆராயப்படுவது, கள்ளர், மறவர் சமூகங்களைச் சேர்ந்த காவல்காரர்கள் நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் நடத்திய முறையே. ஒரு வட்டாரம் முழுவதற்குமான பொறுப்பு தேசகாவல் என்றும், தனி ஊருக்கானது ஸ்தலகாவல் என்றும் வழங்கின. விளைச்சலில் ஒரு பங்கையோ பணத்தையோ கூலியாகப் பெற்ற காவல்காரர், தம் எல்லைக்குள் களவு போன பொருளை மீட்டுத் தரவேண்டும்; மீட்க இயலாவிடில் அதன் மதிப்பைத் தாமே ஈடு செய்யவேண்டும்.

முறையின் வலிமை இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருந்தது. குற்றத்தைப் பொருளியல் நோக்கில் ஆராய்ந்த கேரி பெக்கர், 1968-இல் வெளியிட்ட கட்டுரையில், பிடிபடும் வாய்ப்பும் தண்டனையின் கடுமையும் சேர்ந்தே குற்றம் செய்ய எண்ணுபவரின் கணக்கை மாற்றுகின்றன என்று காட்டினார். பிடிக்கும் பணியில் இருப்பவர் ஏன் ஊக்கத்தோடு பிடிக்கவேண்டும் என்னும் கேள்வியை அவரும் ஜார்ஜ் ஸ்டிக்லரும் 1974-இல் ஆராய்ந்து, விளைவுக்கேற்ற ஊதியம், முறைகேடு செய்தால் இழக்கவேண்டிய பிணைத்தொகை ஆகியவற்றை விடையாக முன்வைத்தனர். மாதச் சம்பளம் பெறும் காவலருக்குக் களவு நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருமானம் ஒன்றே. ஈடு கொடுக்கக் கடமைப்பட்ட காவல்காரருக்கோ ஒவ்வொரு களவும் சொந்த நட்டம். ஆகவே இரவில் விழித்திருப்பதும் களவுமாட்டின் தடம் தேடி அயலூர் செல்வதும் அவருக்கே ஆதாயமாயின. மாடே குடும்பத்தின் முதலாக இருந்த உழவருக்குத் திருடன் சிறை செல்வதைவிட மாடு திரும்பி வருவதே பெரிது. அத்தேவையை எந்த நீதிமன்றத்தையும்விட நேராக நிறைவேற்றிய முறை இது.

ஆனால் பாதுகாப்பை விற்பவரே ஆபத்தையும் உண்டாக்க வல்லவராயிருந்தார். காவலுக்கு ஒப்பாத ஊரில் களவு மிகும் என்பதை ஊரார் அறிந்திருந்த நிலையில், அவர்கள் கொடுத்த கூலியில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு அச்சத்துக்கு என்று பிரித்துச் சொல்ல இயலாது. துப்புக்கூலி, அதாவது காணாமற்போன மாடு இருக்குமிடத்தைத் துப்புச் சொல்லி மீட்டுத் தருவதற்கான தொகை, மாட்டின் மதிப்பில் பாதியளவு வரை சென்றதாக ஆங்கிலேய அதிகாரிகளின் பதிவுகள் கூறுகின்றன. காவல்காரரைக் குற்றவாளியாகக் காட்டும் சார்பு கொண்ட அப்பதிவுகளை அப்படியே ஏற்பது தவறு. ஆயினும், மீட்புக்குத் தனிக்கூலி கிடைக்குமானால் களவைக் குறைக்கும் அக்கறை தேயும் என்னும் கணக்கு, அச்சார்பைக் கழித்த பின்னும் நிற்கிறது. அது எந்தச் சமூகத்தின் குணமுமன்று. அரசுக் காவல் மெலிந்திருந்த இலண்டனில் களவுப்பொருளை உரியவருக்கு மீட்டுக் கொடுத்துப் பணம் பெற்ற ஜோனதன் வைல்ட், திருடர் கூட்டத்தையும் தானே நடத்தியது வெளிப்பட்டு 1725-இல் தூக்கிலிடப்பட்டான்.

பாளையக்காரர் போர்களுக்குப் பின் காவல் வருவாயைத் தன்வசமாக்கிய கம்பெனி அரசு, ஈடு கொடுக்கும் பொறுப்பை ஏற்கவில்லை. சட்ட ஏற்பின்றி ஊர்களில் தொடர்ந்த காவலிலோ, ஈட்டுக்கடமையை வற்புறுத்த மேலதிகாரம் எதுவும் இல்லாமற்போனதால் கூலி மட்டுமே உறுதியாக நிலைத்தது. முறை சீரழிந்ததற்கு இம்மாற்றமே, காவல்காரரின் பேராசையைவிடப் பெரிய காரணம் என்று கருத இடமுண்டு.

1896-இல் திண்டுக்கல் வட்டாரத்தில் எழுந்த எதிர்ப்பியக்கத்தினர், காவலைக் கைவிட்ட பின் களவில் இழந்தோருக்கு ஈடு கொடுக்கப் பொது நிதி திரட்டினர்; நிதியைக் குறிக்கும் பண்டு என்னும் சொல்லே இயக்கத்துக்குப் பெயராயிற்று. இழப்பைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் இக்காப்பீடு, ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழியை ஊருக்குக் கொடுத்தது. விலக இயலாதவரிடம் மட்டுமே வாங்கக்கூடிய கூலிக்கு அதைவிடக் கூரிய விடை இருக்க முடியாது. அவ்வியக்கமே பின்னர் கள்ளர் வீடுகளை எரிப்பதாகவும், குற்றமற்ற குடும்பங்களை ஊரைவிட்டுத் துரத்துவதாகவும் மாறியது பெருங்கொடுமை.

அரசின் விடை அதனினும் கொடியது. 1911-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ்ப் பிரமலைக் கள்ளர் முழுச் சமூகமாகப் பதிவு செய்யப்பட்டனர். கைரேகை எடுக்கப்பட்டது, வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. ஒருவரின் குற்றத்தைத் தனியே மெய்ப்பிக்கும் செலவை அரசு இவ்வாறு மிச்சப்படுத்திக்கொண்டு, அச்செலவைக் குற்றமற்றவர் தலையில் ஏற்றியது. நேர்மையாக வாழ்பவருக்கும் திருடுபவருக்கும் ஒரே கட்டுப்பாடு விதிக்கப்படும்போது, நேர்மைக்கு உரிய பயன் பறிபோகிறது. பெக்கர் சொன்ன கணக்கின்படியே இது தடுப்பாற்றலை இழந்த தண்டனை. பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டுப் பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. களவு போன பொருளுக்குக் காப்பவரே ஈடு தரவேண்டும் என்ற பழைய கடமையோ, காவல் முறையின் இடத்துக்கு வந்த காவல்துறையின்மீதும் சுமத்தப்படவில்லை.