ஆட்கொணர்வு: ஹேபியஸ் கார்ப்பஸ் என்னும் சட்டச்சொல்லின் பொருளும் தமிழாக்கமும்

முன்னுரை

இந்திய அரசமைப்பின் 32, 226 ஆகிய உறுப்புகள் பெயர் சுட்டும் ஐந்து நீதிப்பேராணைகளுள் ஒன்று ஹேபியஸ் கார்ப்பஸ். தமிழில் இது ஆட்கொணர்வு நீதிப்பேராணை என வழங்குகிறது. இத்தமிழாக்கம் மூலச்சொல்லில் எதனைக் காத்தது, எதனை விடுத்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொற்பிறப்பு

'ஹேபியஸ்' என்பது 'கொண்டிரு' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் முன்னிலை ஒருமை வடிவம்; 'கார்ப்பஸ்' உடலைக் குறிக்கும். 'உடலை நீ கொண்டிருப்பாயாக' என்பது இத்தொடரின் நேர்ப்பொருள். ஆணை வாசகத்தில் இடம்பெற்ற இவ்விரு சொற்களே அதற்குப் பெயராயின. இடைக்கால இங்கிலாந்தில் வழக்கிற்கு உரியவரை மன்றத்தின்முன் நிறுத்தவே இத்தகைய ஆணைகள் பயன்பட்டன. விடுதலை அவற்றின் நோக்கமன்று. ஆளோடு காவலின் நாளையும் காரணத்தையும் தெரிவிக்குமாறு கேட்ட வகையே பின்னர் உரிமைக்காப்பாக வளர்ந்தது. 1679ஆம் ஆண்டுச் சட்டம் அதன் நடைமுறையை வலுப்படுத்தியது. எனவே, காரணம் கேட்கும் பகுதி இலத்தீன் பெயரிலேயே விடுபட்டுவிட்டது.

தமிழாக்கம்

'உடல்' என்னாது 'ஆள்' என்றது தமிழாக்கத்தின் சிறப்பு. தமிழ் வழக்கில் உடல் பிணத்தையும் குறிக்கும். ஆள் என்பதோ உயிரும் உரிமையும் உடையவரைச் சுட்டுகிறது. ஆயினும், 'கொணர்வு' புறச்செயலை மட்டுமே உணர்த்துகிறது. மற்றொரு பேராணையான குவோ வாரண்டோவைத் 'தகுதிமுறை வினவும் நீதிப்பேராணை' என்னும்போது வினவுதல் பெயரிலேயே நிற்கிறது. ஆட்கொணர்வில் அவ்வினா இல்லை.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. காணாமற்போனவரைத் தேடித்தருமாறு கோரும் மனுக்களில் ஆட்கொணர்வு என்னும் பெயர் முழுமையாகப் பொருந்துகிறது. தடுப்புக்காவலை எதிர்க்கும் மனுக்களிலோ காவலாணையும் அதன் ஆவணங்களுமே ஆராயப்படுகின்றன. காவலில் உள்ளவரை நேரில் நிறுத்துதல் இப்பேராணைக்கு இன்றியமையாததன்று என 1973இல் கானு சன்யால் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கொணராமலே ஆட்கொணர்வு நிகழலாம். காரணம் கேளாமல் நிகழாது.

நெருக்கடிநிலைக் காலத்தில் வெளிவந்த 1976ஆம் ஆண்டு ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பு இதனை எதிர்நிலையில் மெய்ப்பிக்கிறது. காவலின் சட்டத்தன்மையை வினவி உயர் நீதிமன்றத்தை அணுக எவருக்கும் தகுதியில்லை என நீதிபதிகள் நால்வர் கூறினர், எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அரசமைப்பில் பேராணையின் பெயர் அப்படியே இருந்தது; வினவும் உரிமைதான் இல்லாதாயிற்று. 2017இல் புட்டசாமி வழக்கில் அத்தீர்ப்பு தவறெனக் களையப்பட்டது.

முடிவுரை

நிலைபெற்றுவிட்ட சொல்லை மாற்றுதல் தேவையன்று. அதன் பொருள் விளக்கத்தைத் திருத்துதல் வேண்டும். அகராதிகளும் பாடநூல்களும் 'ஆளை மன்றத்தில் நிறுத்தும் ஆணை' என்பதோடு அமையாமல், 'காவலின் காரணத்தை வினவி, அது சட்டப்படி செல்லாதெனின் விடுவிக்கும் ஆணை' என்று விரித்துரைத்தல் தகும். காவலில் உள்ளவருக்கு இப்பேராணை அளிக்கும் காப்பு அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது.