அலிபாபா உறங்கிக்கொண்டிருந்தார்

திரைப்படங்களில் வீரப் பெண்கள் பெருகிவிட்டார்கள் என்று மகிழ்வோர் உளர். அதனால் பெண்மைக்கு இழுக்கு வந்துவிட்டது என்று வருந்துவோரும் உளர். இரு சாராரும் அப்பெண்ணையே உற்று நோக்குகின்றனர். அவளருகே நிற்கும் ஆடவனை எவ்வாறு படைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போர் மிகச் சிலரே. கதைத்தலைவியின் வீரம் மெய்யா, ஒப்பனையா என்பதை அறிய, அவ்வாடவனைப் பார்ப்பதே நேர்வழி என்பது என் கருத்து.

இதற்குச் சான்றாக நம் இல்லங்களில் எல்லோரும் அறிந்த கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அலிபாபா கதை 'அல்ஃப் லைலா' எனும் ஆயிரத்தோர் இரவுகளின் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளில் இல்லை. ஹலப் நகரத்தவரான ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிசில் வாய்மொழியாகச் சொல்ல, கலான் எனும் பிரெஞ்சு அறிஞர் அதைத் தம் நூலில் சேர்த்தார். 1717இல் அது அச்சேறியது. அக்கதையின் உண்மையான வீரர் யார்? மர்ஜானா எனும் அடிமைப் பெண். மர்ஜான் என்றால் பவளம். அர்-ரஹ்மான் அத்தியாயத்தை ஓதுவோர் நன்கறிந்த சொல்.

கள்வர்கள் அலிபாபாவின் வாயிற்கதவில் அடையாளமிட்டபோது, அக்கம்பக்கத்துக் கதவுகளிலெல்லாம் அதே அடையாளத்தை இட்டு அவர்களை ஏமாற்றியவள் அவள். எண்ணெய் வணிகன் வேடத்தில் வந்த தலைவனின் தாழிகளில் 37 கள்வர் ஒளிந்திருப்பதைக் கண்டறிந்து, கொதிக்கும் எண்ணெயை ஊற்றி அவர்களை முடித்தவளும் அவளே. மறுமுறை அத்தலைவன் விருந்தாளியாக வருகிறான். உப்பிட்ட உணவு வேண்டாம் என்கிறான். ஒருவன் வீட்டு உப்பைத் தின்றபின் அவனைக் கொல்லக் கூடாது என்று கருதும் கள்வன் அவன்! அந்த ஒரு சொல்லே அவளுக்குப் போதுமானதாயிற்று. குறுவாளேந்தி ஆடும் பாவனையில் அவன் நெஞ்சைப் பிளக்கிறாள்.

அந்த எண்ணெய் இரவில் அலிபாபா என்ன செய்துகொண்டிருந்தார்? உறங்கிக்கொண்டிருந்தார். கதை அதை மறைக்கவில்லை. அதற்காக அவரை எள்ளவும் இல்லை. விடிந்ததும் நடந்ததைக் கேட்டறிந்து அவளுக்கு விடுதலை அளிக்கிறார். தலைவனும் மாண்டபின் தம் மகனுக்கே அவளை மணமுடித்து வைக்கிறார். பெண்ணொருத்தியால் காக்கப்பட்டு, நன்றியறிந்து, அப்போதும் தலைநிமிர்ந்து நிற்கும் குடும்பத் தலைவர் அவர்.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1956இல் இக்கதையைப் படமாக்கினார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் அதுவே. 1954இல் ஹோமி வாடியா இந்தியில் எடுத்த படம் அதற்கு முன்மாதிரி. 1935இல் 'ஹண்டர்வாலி'யில் நாடியாவின் கையில் சவுக்கைக் கொடுத்து ஆடவரை ஓடச்செய்தவரும் இதே வாடியாதான்! தமிழ்ப் படத்தில் மகனும் மனைவியும் உடைய நடுத்தர வயது விறகுவெட்டி மறைந்து, இளங்காளையான எம்.ஜி.ஆர். வருகிறார். மர்ஜியானாவோ அவருடைய காதலியாகிறாள். அவ்வேடம் பூண்ட பானுமதி லேசான நடிகையல்லர். 1953இலேயே 'சண்டிராணி' படத்தை மும்மொழியிலும் இயக்கியவர். அவர் பார்வை ஒன்றே பத்து வாளுக்குச் சமம். அத்தகையவருக்கும் இறுதிக் குறுவாள் கிடைக்கவில்லை. வீரப்பாவோடு நிகழும் முடிவுப் போராட்டம் எம்.ஜி.ஆருக்கே ஒதுக்கப்பட்டது. ஆட்டமும் பாட்டும் எச்சரிக்கையும் அவளுக்கு, வெற்றி அவனுக்கு என்பது அன்று போடப்பட்ட பாகப்பிரிவினை.

இராசபாளையத்தில் என் வகுப்பு மாணவர்களுக்கு மூலக்கதையை ஒருநாள் சொன்னேன். முடித்ததும் ஒரு சிறுவன் எழுந்து, "ஹஜ்ரத், அலிபாபா எப்பதான் சண்டை போட்டாரு?" என்றான். "போடவே இல்லை" என்றேன். வகுப்பே சிரித்தது. அச்சிரிப்பு என்னை உறுத்தியது. அவர்களிற் பலரின் தாய்மார் நூற்பாலைகளிலும், சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணித் தறிகளிலும் உழைக்கிறவர்கள். அக்கூலியில்தான் அவர்களின் சீருடையும் சோறும். தாயால் காக்கப்படும் பிள்ளைகளே, பெண்ணால் காக்கப்பட்ட ஆடவனைக் கண்டு சிரிக்கிறார்கள். இதை அவர்களுக்குக் கற்பித்தது யார்?

திரையின் பங்கு இதில் சிறிதன்று. 1992இல் வந்த 'மன்னன்' படத்தை நினைவுகூருங்கள். பெரும் தொழிற்கூடத்தை ஆளும் முதலாளிப் பெண். அங்கே வேலைக்கு வந்து அவளை எதிர்த்து நிற்கும் ஆடவன். போட்டி இருவரில் யார் திறமையாளர் என்பதிலிருந்து தொடங்கி, அவள் தொழிலை வேறொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அடுக்களைக்குச் செல்வதில் முடிகிறது. ஆலைச் சங்கொலி கேட்டு எழும் நம் ஊரில் இப்படத்தைக் கண்டு கைதட்டாதவர் அரிது. அவளது செருக்கு கண்டிக்கத்தக்கதே; மறுக்கவில்லை. செருக்குக்குத் தண்டனை, திறமையைத் துறப்பதா? மதுரையை ஆண்ட அல்லியை, உறங்கும்போது தாலிகட்டி வென்ற அர்ச்சுனன் கதை நம் மண்ணில் வெகுகாலமாக வழங்குவது. அக்கதைக்குப் புதிய உடை தைத்தார்கள், அவ்வளவே.

1999இல் வந்த 'படையப்பா'வின் நீலாம்பரி இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கவள். ரம்யா கிருஷ்ணனின் நடிப்பு அப்படத்தைத் தூக்கி நிறுத்தியது என்பதில் ஐயமில்லை. 18 ஆண்டுகள் அறைக்குள் அடைந்து கிடந்தவள், முடிவில் தான் பகைத்தவனாலேயே உயிர் காக்கப்பட்டதும் அதைத் தாங்கமாட்டாமல் தன்னையே மாய்த்துக்கொள்கிறாள். காக்கப்படுவதென்றால் தோற்பது என்பதே இப்படங்களின் இலக்கணம். ஆகவேதான் கதாநாயகனை ஒரு பெண் காப்பாற்றும் காட்சியை எழுத அவர்களின் கை கூசுகிறது.

மறுபக்கமும் குறை உண்டு. தெலுங்கில் 1990இல் 'கர்த்தவ்யம்' என்று வந்து, தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.' ஆன படத்தில் விஜயசாந்தி தேசிய விருது பெறும் அளவுக்கு நடித்தார். அதன்பின் அவ்வழியில் வந்த படங்களில் பெண் எழுந்து நிற்கிறாள். ஆனால் அருகிலுள்ள ஆண்களோ கயவர் அல்லது பொம்மைகள். ஏற்றப் பலகையில் ஒருவர் உயர மற்றவர் தாழ்ந்தே தீரவேண்டும் என்னும் அதே கணக்குத்தான், தலைகீழாக.

கி.பி. 625இல் உஹத் களத்தில் பலர் சிதறியபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைச் சூழ நின்று காத்தவர்களில் நுஸைபா உம்மு உமாரா (ரலி) அம்மையாரும் ஒருவர். பின்வாங்கிய ஒருவரின் கேடயத்தை அவர் எடுத்துக்கொண்டு போரிட்டதையும், தோளில் ஆழ்ந்த காயம் பட்டதையும் வரலாற்றாசிரியர்கள் பதிந்துள்ளனர். கணவரும் இரு மைந்தரும் அதே களத்தில் அவருடன் நின்றார்கள். மனைவியின் வாள் கணவரின் வாளைச் சிறுமைப்படுத்தியதாக எவரும் எழுதவில்லை. நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரையே பாருங்களேன். மகளின் பாட்டு தந்தையின் பாட்டினும் புகழ்பெற்று, ஊர்க்கோயிலே அவள் பெயரால் அழைக்கப்படுகிறது. அதனால் பெரியாழ்வார் குறைந்துவிட்டார் என்று இவ்வூர் வைணவ அன்பர் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்மையில் என் மருமகன் தன் கைப்பேசியில் ஓர் ஆங்கிலப் படத்தின் பகுதியைக் காட்டினான். 2015இல் வந்த 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்'. ஓயாத கூச்சலும் புழுதியும் என் வயதுக்கு ஒவ்வாதவை. ஆயினும் ஒரு காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இருட்டில் குறி தவறிக்கொண்டிருக்கும் நாயகன், எஞ்சிய ஒரே தோட்டாவோடு துப்பாக்கியை அப்பெண்ணிடம் கொடுக்கிறான். அவள் அவன் தோளையே தாங்கியாக்கிச் சுடுகிறாள். குறி தப்பவில்லை. அவன் அசையாமல் அமர்ந்திருக்கிறான். அந்த அசையாமையும் ஒரு நடிப்பு அன்றோ! நம்மவர் படத்தில் அத்தோள் எப்போது கிடைக்கும் என்று மருமகனைக் கேட்டேன். "எந்த ஹீரோ மாமா ஒத்துக்குவாரு?" என்றான்.

அலிபாபா படம் தொலைக்காட்சியில் வரும் நாளில் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள்; பானுமதிக்காகவே பார்க்கலாம். படம் முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, கொதிக்கும் எண்ணெயையும் உப்பில்லா விருந்தையும் நீங்களே சொல்லுங்கள். அலிபாபா அப்போது எங்கே இருந்தார் என்று ஏதேனும் ஒரு பிள்ளை கேட்கும்.