குண்டூசியும் கால் பங்கு கடலும்

உருளைக்கிழங்கின் தோலைச் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவே குழி தோண்டி, பாதிவரை சர்க்கரைக் கரைசல் ஊற்ற வேண்டும். மட்டத்தைக் காட்ட ஒரு குண்டூசி. கிழங்கைத் தண்ணீரில் நிறுத்தினால், குழிக்குள் மட்டம் ஏறி ஊசியைத் தாண்டும். சவ்வூடு பரவலுக்கு நம் பள்ளிகள் காட்டும் பழகிய சாட்சி இது. 1748இல் பிரான்சின் நொல்லே பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்துக் கண்டதை, காய்கறிக் கடைக் கிழங்கிலேயே பிள்ளைகள் பார்த்துவிடுகிறார்கள். இந்த எளிமைக்கு நிகரில்லை.

ஆனால் விடை முன்பே தெரிந்த சோதனை இது. நான் படித்த பள்ளியில் என் கிழங்கில் மட்டம் ஏறவே இல்லை. அடித்தோலைச் சீவாமல் விட்டிருந்தேன். தோலின் தக்கைச் செல்கள் தண்ணீரை எளிதில் விடாது. அது தெரியாமல் ரெக்கார்டு நோட்டில் ‘காண்பன’ என்ற தலைப்பின்கீழ் ‘மட்டம் உயர்ந்தது’ என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. காணாததைக் காண்பன என்று எழுதியது இன்றும் உறுத்துகிறது. ஏன் ஏறவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தால், கிழங்கு மாதக்கணக்கில் வற்றாமல் கிடப்பதன் காரணத்தையே அன்று கற்றிருப்பேன்.

வேறு குறைகளும் உண்டு. ஊசி ‘ஏறியது’ என்று சொல்லுமே தவிர, எவ்வளவு என்று சொல்லாது. கிழங்கின் சுவர் முழுவதையும் ஒரே சவ்வு என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அது அடுக்கடுக்கான உயிருள்ள செல்கள். வேகவைத்த கிழங்கை அருகில் வைத்தால் இது விளங்கிவிடும்: சவ்வுகள் சிதைந்துபோனதால் அங்கே மட்டம் அப்படி ஏறாது. அந்த ஒப்பீட்டைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

ராமேசுவரம் பள்ளியில் பறவை பறப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிய சிவசுப்பிரமணிய ஐயர், பிறகு பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போனார் என்று அப்துல் கலாம் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். சவ்வூடு பரவலுக்கும் அந்தக் கரையே போதும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஐந்து டம்ளர்களில் நல்ல தண்ணீர், அரைக்கால், கால், அரை, முழுக் கடல்நீர் என்று நிரப்பி, 5 செ.மீ. நீளக் கிழங்குத் துண்டுகளை ஒரு மணி நேரம் ஊறவிடலாம். நல்ல தண்ணீரில் ஊறியது வளைத்தால் ‘டக்’கென்று ஒடியும். முழுக் கடல்நீரில் கிடந்தது ஈரக் கயிறாய் விரலில் தொங்கும். கணக்குப்படி கால் பங்குக் கடல்நீரை ஒட்டி நீளம் ஏறக்குறைய மாறாமல் நிற்க வேண்டும். கிழங்குச் செல்லுக்குள் இருக்கும் செறிவை அந்த இடமே சொல்லிவிடும். இப்போது மாணவர் கையில் ஓர் எண் இருக்கிறது. அது அவரே தேடிக் கண்டது.

இதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. நீள மாற்றம் சில மில்லிமீட்டர்தான். டம்ளருக்கு ஐந்து துண்டுகளாவது போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். உப்பு மெல்ல உள்ளேயும் புகும் என்பதால், இரவெல்லாம் ஊறவிட்டால் கணக்கு கெடும்; சர்க்கரைக்கு அந்தத் தொல்லை குறைவு. ராமநாதபுரத்துக் கிணற்று நீர் பல ஊர்களில் உப்புக் கரிக்கும். அதை ‘நல்ல தண்ணீர்’ டம்ளரில் ஊற்றினால் முடிவே மாறிவிடும். நாற்பது நிமிடப் பாடவேளையும் போதாது.

ஆனாலும் கேள்விகள் இங்கேதான் பிறக்கின்றன. கடல்நீரைச் சவ்வு வழியே குடிநீராக்கும் ஆலைகளில், அதை வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்குக்கும் மேலாக அழுத்த வேண்டியிருப்பது ஏன்? காரங்காட்டு அலையாத்தி இலையில் உப்புப் பூப்பது எதனால்? கிழங்கு துவண்ட அதே டம்ளரில், உப்பளத்து ஓரத்திலிருந்து கிள்ளிவந்த ஓர் உமரித் தண்டையும் போட்டு வைக்கலாம். செல்லுக்குள் கடலை விடவும் அதிகமாக உப்பைத் தேக்கி வைத்திருக்கும் செடி அது. ஒரு மணி நேரம் கழித்து எடுத்தாலும் விறைப்பாகவே இருக்கும்.