மகாவுவும் வழமையும்: காயிலி அரசாட்சி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இந்தோனேசியாவின் மத்திய சுலாவெசியில், பாலுப் பள்ளத்தாக்கிலும் அதனைச் சூழ்ந்த கரையோரத்திலும் வாழும் காயிலி மக்களிடையே பாலு, சிகி, பனாவா, தவாய்லி முதலிய சிற்றரசுகள் விளங்கின. அரசன் 'மகாவு' எனப்பட்டான். மடிகா எனும் உயர்குடியிற் பிறந்தவனே அப்பதவிக்குரியவன். எனினும் பிறப்பு மட்டும் போதாது, வழமையவையின் ஏற்பும் வேண்டும். இந்நியதியொன்றையே சான்றாகக் கொண்டு காயிலி அரசைக் குடியாட்சியின் முன்னோடியெனப் போற்றுவோர் உளர். அக்கூற்று மறுபரிசீலனைக்குரியது.

வழமை அரசனைக் கட்டுப்படுத்தியது என்பதில் ஐயமில்லை. பலிகாவு அவையை நடத்தினான், கலாரா வழமை மீறல்களை விசாரித்தான், பபிச்சாரா அவையின் பேச்சாளன், தடுலாக்கோ போர்த்தலைவன். 'லிபு' எனப்பட்ட கலந்தாலோசனையே முடிவுகளுக்கு வலுவளித்தது. எனவே தீர்ப்பும் போரும் ஒருவன் கையிற் குவியவில்லை. 'கிவு' எனும் தண்டமும் எருமை, துணி, தட்டு முதலிய பொருள்களாகவே இறுக்கப்பட்டது. குற்றவாளியை வதைப்பதினும் குலைந்த உறவைச் சீராக்குவதே அதன் நோக்கமாயிருந்தது.

ஆயின், அரசனைக் கட்டுப்படுத்தியவர் யாவர் என்ற வினாவை மேற்கூறியோர் எழுப்புவதில்லை. அவையின் முதன்மைப் பதவிகள் பெரும்பாலும் மடிகாக்களின் கையிலேயே இருந்தன. 'பத்துவா' எனப்பட்ட அடிமைகளுக்கு அங்கு குரலில்லை. ஆகவே வழமை அரசனை அடக்கியது உயர்குடியின் சார்பிலேயாகும். அதே வழமை உயர்குடியின் மேலாண்மைக்கும் அரணாயிற்று. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தல் பொருந்தாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இந்நிலையைக் குலைத்தனர். 'குறும்பிரகடனம்' எனும் ஆவணத்தில் ஒப்பமிட்ட சிற்றரசன் ஒல்லாந்த மேலாண்மையை ஏற்பதாகவும், அதன் ஆணைகளுக்குக் கீழ்ப்படிவதாகவும் உறுதியளித்தான். அதன்பின் மகாவுவின் பதவி அவையிலும் பார்க்கக் குடியேற்ற அதிகாரியின் விருப்பையே சார்ந்தது. இக்காலத்திலேதான் வான் வொலன்ஹோவன் என்னும் ஒல்லாந்த அறிஞர் தீவுக்கூட்டத்தை 19 வழமைச்சட்ட வட்டாரங்களாக வகுத்தார். அரசனைக் கட்டும் வலுவை வழமை இழந்துகொண்டிருந்த வேளையில் அது சட்டமென ஏட்டில் ஏறியது விந்தையே. (1707இல் யாழ்ப்பாணத்துத் தேசவழமையைத் தொகுப்பித்தவர்களும் ஒல்லாந்தரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.)

மகாவுவின் ஆட்சி இன்றில்லை. ஆனால் காயிலிக் கிராமங்களில் வழமையவை கூடுகிறது, கிவு விதிக்கப்படுகிறது. அரசனின்றியும் வழமை நிலைத்திருப்பதனை நோக்கின், அரசனே வழமையின் ஊற்று எனக் கொள்வதற்கு இடமில்லை.