ஜாய்ஸின் முதல் தொகுதி: ஒரு குமாஸ்தாவின் குறிப்புகள்

நண்பர் ஒருவர் தம் முதல் சிறுகதைத் தொகுதியைச் சொந்தச் செலவில் அச்சிட்டு என்னிடம் கொடுத்துப் பதினொரு மாதம் ஆகிறது. மனைவியின் வளையலை அடகு வைத்த பணம் அதில் இருக்கிறது. நகைக்கடன் சீட்டு எழுதியதே நான்தான். எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்; எழுதவில்லை. கதைகள் மோசமாக இருந்தால் ஒரே இரவில் எழுதியிருப்பேன். நன்றாக இருக்கின்றன. இதைச் சொல்ல எனக்குப் பழக்கமான சொற்கள் எதுவும் உதவவில்லை. அந்தச் சங்கடத்தில் ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' தொகுதியை மறுபடி எடுத்தேன். அதுவும் ஒரு முதல் தொகுதி. அதன் ஆசிரியரும் கொஞ்ச நாள் வங்கி குமாஸ்தாவாக இருந்தவர்.

புத்தகம் வெளிவந்த கதையை முதலில் சொல்லிவிடலாம். 1905 இறுதியில் 12 கதைகள் லண்டனில் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற பிரசுரகர்த்தரிடம் போயின. அவர் ஏற்றுக்கொண்டார். அச்சகக்காரர் முரண்டு பிடித்தார். வழக்கு என்று வந்தால் அச்சடித்தவனும் கூண்டில் நிற்கவேண்டும் என்பது அங்கே சட்டம். ஒப்பந்தம் முறிந்தது. 1909இல் டப்ளினின் மான்ஸல் கம்பெனி எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் இழுத்தது. கடைசியில் அச்சடித்த தாள்களைத் தன்னிடமே கொடுத்துவிட்டால் 'லிஃபி பிரஸ்' என்று பெயர் போட்டுத் தானே வெளியிட்டுக்கொள்வதாக ஜாய்ஸ் சொன்னார். அச்சகம் தாள்களைக் கொடுக்க மறுத்து, 1912இல் 1000 பிரதிகளுக்கானதையும் அழித்தது. எரித்தார்கள் என்பது ஜாய்ஸ் கட்சி. வெட்டிப் போட்டோம் என்பது அச்சகத்தின் கட்சி. இந்த வித்தியாசத்தில் அவர்களுக்கு என்ன கௌரவம் கிடைத்தது என்று எனக்கு விளங்கவில்லை. 1914 ஜூன் 15இல் அதே ரிச்சர்ட்ஸ் 1250 பிரதிகள் வெளியிட்டார். முதல் 500க்கு ராயல்டி கிடையாது; தவிர, 120 பிரதிகளை ஆசிரியரே வாங்கிக்கொள்ளவேண்டும். வருஷ முடிவில் விற்றிருந்தவை, அந்த 120ஐயும் சேர்த்து, 499. ஒன்று குறைகிறது. தினமும் மாலையில் பணம் ஒத்துப்போகாமல் வீட்டுக்குப் போகமுடியாத என் போன்றவனுக்கு இந்த ஒன்று தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

பி.ஏ.வில் ஆங்கிலம் எடுத்தவன் நான். இந்தத் தொகுதியைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டவை இரண்டு வார்த்தைகள்: 'பாராலிஸிஸ்', 'எபிஃபனி'. இரண்டும் ஜாய்ஸின் சொற்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு பதினைந்து கதைகளையும் படிக்காமலே பரீட்சை எழுதிவிடலாம். எங்களில் பலர் எழுதினோம். வகுப்பில் யாரும் சொல்லாதது, இந்தப் புத்தகம் முழுக்கச் சில்லறை கொட்டிக் கிடக்கிறது என்பது.

'அராபி'யைப் பாருங்கள். தோழனின் அக்காவுக்குக் கண்காட்சியிலிருந்து ஏதாவது வாங்கி வருவதாகச் சொன்ன சிறுவன். மாமா நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறார். கையில் ஒரு ஃப்ளோரின், அதாவது 24 பென்ஸ். கண்காட்சியில் ஆறு பென்ஸ் வாசலைத் தேடிக் காணாமல், மூடிவிடுவார்களோ என்ற அவசரத்தில் ஒரு ஷில்லிங் கொடுத்து நுழைகிறான். கடைசியில் அவன் பையில் இரண்டு பென்னி ஆறு பென்ஸ் காசின்மேல் விழுகிறது. 24இல் 12 போய், மீதியில் கையிலிருப்பது 8. இடைவெளி 4, அது ரயிலுக்கு. ரயில் கட்டணம் கதையில் எங்கும் சொல்லப்படவில்லை. யாரும் கணக்குப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு மனிதன் கணக்கை ஒழுங்காக வைத்திருக்கிறான். அந்தச் சிறுவனின் அவமானம் விளக்குகள் அணைந்த மண்டபத்தில் வானத்திலிருந்து இறங்கவில்லை. எட்டு பென்ஸிலிருந்து வருகிறது. நம் கதைகளில் வறுமை என்று வந்தால் 'சில ரூபாய்கள்' என்றிருக்கும். எத்தனை ரூபாய் என்று தெரியாதவனுக்கு வறுமை தெரியாது.

இப்படியே போகிறது. 'டூ கேலண்ட்ஸ்' கதையில் லெனஹன் ஒரு தட்டுப் பட்டாணிக்கும் இஞ்சி பானத்துக்கும் இரண்டரை பென்னி கொடுக்கிறான். அதே இரவில் அவனுடைய சிநேகிதன் ஒரு வேலைக்காரப் பெண்ணிடமிருந்து கறந்து வந்த தங்கக்காசை உள்ளங்கையில் காட்டுகிறான். 'கவுண்டர்பார்ட்ஸ்' கதையின் நகலெழுத்துக் குமாஸ்தா கடிகாரத்தை ஆறு ஷில்லிங்குக்கு அடகு வைத்துக் குடித்து, இரண்டு பென்னியோடு வீடு திரும்பிப் பிள்ளையை அடிக்கிறான். 'கிரேஸ்' கதையில் பாதிரியாரே வியாபாரிகளின் ஆன்மிகக் கணக்கராகத் தம்மை அறிவித்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒரு வட்டிக்கடைக்காரரும் உண்டு. எங்கள் மேலாளர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நான் உண்மையில் எழுத நினைத்தது 'எ பெய்ன்ஃபுல் கேஸ்' பற்றி. ஜேம்ஸ் டஃபி ஒரு தனியார் வங்கியின் காஷியர். ஊரிலிருந்து விலகிய புறநகரில் தனியறை. பகலில் பியரும் ஆரோரூட் பிஸ்கெட்டும். மேஜைக்குள் ஒரு நாடகத்தின் மொழிபெயர்ப்பு, கையெழுத்துப் பிரதியாகவே கிடக்கிறது. சில சந்தர்ப்பங்கள் அமைந்தால் தன் வங்கியையே கொள்ளையடித்திருப்பேன் என்று நினைக்க அனுமதித்துக்கொள்கிறார், சந்தர்ப்பங்கள் அமைவதில்லை. (இதைப் படித்துவிட்டு மறுநாள் கவுண்டரில் உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.) தன்னைப் பற்றி மனசுக்குள் அவ்வப்போது ஒரு வாக்கியம் அமைத்துக்கொள்வது அவர் பழக்கம்: படர்க்கையில், இறந்த காலத்தில்.

கச்சேரியொன்றில் ஸினிகோ என்ற கப்பல் தலைவனின் மனைவி அறிமுகமாகிறாள். பேசுகிறார்கள், புத்தகங்கள் பரிமாறிக்கொள்கிறார்கள். உங்கள் எண்ணங்களை ஏன் எழுதக்கூடாது என்று அவள் கேட்கும்போது, எதற்கு என்று ஏளனமாகக் கேட்கிறார். ஒரு மாலை அவள் அவர் கையைப் பற்றிக் கன்னத்தில் வைத்துக்கொள்ள, அத்தோடு எல்லாம் முடிகிறது. நாலு வருஷம் கழித்து, முட்டைக்கோஸ் ஆறிக்கொண்டிருக்கும் சாப்பாட்டு மேஜையில், மாலைப் பத்திரிகையில் அவள் ரயிலடியில் இறந்த செய்தி.

அந்தச் செய்தியை ஜாய்ஸ் முழுசாகத் தருகிறார். சாட்சிகள், டாக்டர், ரயில்வே அதிகாரி, யார் பேரிலும் குற்றமில்லை என்ற முடிவு. நீளம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்தச் செய்தியின் இலக்கணம் என்ன? படர்க்கை, இறந்த காலம். டஃபி தன்னைப் பற்றி ரகசியமாக, பெருமையோடு எழுதிக்கொண்ட அதே இலக்கணத்தில்தான் பத்திரிகை அவளை எழுதி முடிக்கிறது. தன்னையே தள்ளி நின்று பார்க்கிறவன் பிறரையும் அந்தத் தூரத்தில்தான் நிறுத்துவான். ஜாய்ஸ் இதை எங்கும் சொல்வதில்லை, இரண்டு வகை உரைநடையையும் ஒரே கதைக்குள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார். கடைசியில் பூங்காவின் குன்றில் டஃபி நிற்கிறார்; கீழே ஒரு கூட்ஸ் ரயில் அவள் பெயரின் அசைகளைச் சொல்லிக்கொண்டு போகிறது; பிறகு அதுவும் கேட்பதில்லை.

இந்தக் கதையையும் 'ஆஃப்டர் தி ரேஸ்' கதையையும் தொகுதியின் மிக மோசமான இரண்டு என்று ஜாய்ஸ் தம்பிக்கு எழுதினார். எழுதியது 1906 நவம்பரில், ரோமில், ஒரு வங்கியில் கடிதங்கள் எழுதும் குமாஸ்தாவாக இருந்துகொண்டு. இரண்டாவதைப் பற்றி அவர் சொன்னது சரி; கார்ப் பந்தயமும் சீட்டாட்டமும் வெளியூர்க்காரன் வேடிக்கை பார்த்ததுபோல இருக்கின்றன. முதலாவதைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கவில்லை. டஃபியின் சாயல் பாதி அந்தத் தம்பியினுடையது. நோட்டுப் புத்தகத்திலிருந்து வாக்கியங்களைக்கூட எடுத்திருக்கிறார். டஃபியின் மேஜையிலிருக்கும் ஹாப்ட்மன் நாடகத்தை மொழிபெயர்த்ததோ ஜாய்ஸேதான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை யாருக்குப் பார்க்கப் பிடிக்கும்? அதுவும் கூலிக்காகப் பகல் முழுவதும் பிறர் கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கும்போது.

'தி டெட்' பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும். டப்ளினின் விருந்தோம்பலுக்குத் தன் கதைகள் நியாயம் செய்யவில்லையோ என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அதே ரோமில். 1907 மார்ச்சில் வங்கியை விட்டார்; அந்த வருஷமே அந்தக் கதை முடிந்தது. வங்கியில் இருந்துகொண்டே அதை எழுதியிருக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு முக்கியம். மற்றவர்களுக்கு இல்லாமலிருக்கலாம்.

ஏளனத்தோடு டஃபி கேட்ட அந்த 'எதற்கு' என் குரலில்தான் ஒலித்தது. பதினொரு மாதம் நான் நண்பருக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பதிலும் அதுதான். பண்பட்ட ரஸனை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அவர் தொகுதியில் மூன்றாவது கதையில் ஒரு பெண் நூறு ரூபாய் நோட்டோடு மளிகைக் கடைக்குப் போகிறாள். என்னென்ன வாங்கினாள், எவ்வளவு மீதி கொண்டுவந்தாள் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். சரியாக வருகிறது. அடுத்த இதழில் அந்தக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.