வயத் வரைந்த புதையல் தீவு

தோல் அட்டை, தங்க விளிம்பு, பிரிக்காத கண்ணாடித்தாள் உறை. சேகரிப்பவர்கள் ‘புக்கு அருமையா இருக்கு’ என்பது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான். ஸ்டீவன்சனின் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ நாவலுக்கு என்.சி. வயத் ஓவியங்கள் வரைந்து 1911இல் ஸ்க்ரிப்னர்ஸ் வெளியிட்ட பதிப்புக்குக் கறுப்புத் துணி அட்டைதான், மேலே ஒட்டிய ஒரு படம். ஆனால் அந்த நாவலுக்கு வந்த நல்ல விமர்சனங்களில் ஒன்றாகவே அதைச் சொல்வேன்.

ஜிம் வீட்டைவிட்டுக் கிளம்புவதை ஸ்டீவன்சன் சட்டென்று கடந்துவிடுகிறார். அம்மாவிடம் விடைபெற்றான், அவ்வளவுதான். வயத் அங்கேதான் நிற்கிறார். முன்னால் மூட்டையோடு பையன். பின்னால், வெயில் விழும் சுவரோரம், முகத்தைப் பொத்தி அழும் அம்மா. சாகசக் கதை திரும்பிப் பார்க்காத இடம் அது.

பார்வையற்ற பியூவின் படம் இன்னும் ஒருபடி மேல். அதுவரை நம்மைப் பயமுறுத்திய ஆள், கூட்டாளிகள் கைவிட்டு ஓடியபின் நிலவொளியில் தடியோடு தனியே தடுமாறுகிறான். இந்த இரக்கம் எழுத்திலும் இருக்கிறது. ஆனால் அங்கே சீக்கிரமே குதிரைகள் வந்து அவனை மிதித்துவிடும். படத்தில் குதிரைகள் வருவதே இல்லை.

சண்டைக் காட்சிகள் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை, தோரணை கூடிப்போச்சு.

மினுக்கும் மறுபதிப்பு ஒன்றில் இந்தப் பியூ படத்தைத் தேடினேன். இரவின் நீலம் மொத்தமும் கறுத்து, தடி எங்கே என்றே தெரியவில்லை. அட்டை மட்டும் பிரமாதம். பிறகு பழைய பிரதி ஒன்று வாங்கினேன். அதற்கு முதுகுத் துணியே கிடையாது, படங்கள் எல்லாம் இருக்கின்றன.