எண்டாவுக்குப் பறந்த பழைய விமானங்கள்

மேசைப் போர் விளையாட்டுக்கு வீட்டிலேயே விமான விதி எழுதுகிறவர்கள் முதலில் தேடுவது சமநிலையை. வேகம் குறைந்த விமானமா? புள்ளியைக் குறை, கூட ரெண்டு சேர்த்துக்கோ, கணக்கு சரியாப் போச்சு. ஜொகூரை ஆடும்போது இந்தக் கணக்கு பொய்.

1942 ஜனவரி 26. எண்டாவில் ஜப்பானியர் கரையிறங்குகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய முதல் அலையில் 12 வில்டபீஸ்ட் விமானங்கள். இரட்டை இறக்கை, மூடியில்லாத விமானி இருக்கை, மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகம். எதிரே வந்த நகாஜிமா கி-27 ஏறக்குறைய அதன் இரட்டிப்பு வேகம். முதல் அலை அடிவாங்கிய அதே நாளில் இரண்டாவது அலையையும் அனுப்பினார்கள். விதியாக வேண்டியது அந்த உத்தரவுதான். திரும்பி வந்தவற்றை எண்ணிப் பார்த்த பிறகு ஆட்டக்காரர் மறுபடி அனுப்புவாரா? விழுந்த விமானம் அடுத்த ஆட்டத்துக்கும் கிடைக்கக் கூடாது.

வளையும் கோணம், உயரப் பட்டியல் எல்லாம் வெறும் அலங்காரம். 28 மில்லிமீட்டர் பொம்மைகளுக்கு ஆறடி மேசை என்பது நிஜத்தில் நூறு மீட்டர்தான். வில்டபீஸ்ட்கூட ஒன்றரை நொடியில் தாண்டிவிடும். ‘போல்ட் ஆக்ஷன்’ விமானத்தை வந்துபோகும் தாக்குதலாக மட்டும் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் தாக்குதல் மட்டும்தானா? எண்டாவுக்குச் சில நாள் முன்பு, பாரிட் சூலோங்கில் சிக்கிய ஆஸ்திரேலிய, இந்தியச் சிப்பாய்களுக்கு இரண்டு விமானங்கள் உணவும் மார்ஃபினும் போட்டுவிட்டுப் போயின. நம்ம விதிகளில் அந்த இரண்டுக்கும் வேலையே இல்லை. காயம்பட்ட பொம்மையை மேசையிலிருந்து எடுத்துவிடுகிறோமே! அங்கே நடக்க முடியாத காயக்காரர்களை விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் காட்டுக்குள் பின்வாங்கினார்கள். விடப்பட்டவர்களை ஜப்பானியர் கொன்றார்கள்.